பின்சீற்றில் வந்த போத்தல்கள்

எண்பத்து நான்காம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு நாள், என் நண்பன் நான் வேலை செய்த உபதபாற் கந்தோருக்கு வந்தான். யன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "சனிக்கிழமை பின்னேரம் வீட்டை சாப்பிட வா, மச்சான். மனிசியும் பிள்ளையளும் நயினாதீவுத் திருவிழாவுக்குப் போகினம். நான் தனிய" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "உன்னட்டைக் கண்ணாடிக் கிளாஸ் இரண்டு இருந்தால் கொண்டு வா. பூப்போட்டது வேண்டாம்" என்றான்.

நானும் அவனும் வேலணையில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். பதினாறு வயதில் அவன் மலைநாட்டில் இருந்த மாமனின் கடைக்குப் போனான். நான் சோதனை எழுதித் தபாற் பகுதிக்குப் போனேன். எங்கள் தீவில் பல வீடுகள் அப்படித்தான் இருந்தன. மனைவி பிள்ளைகள் ஊரில், ஆண் தெற்கே ஏதோ ஒரு பட்டணத்துக் கடையில். தைப்பொங்கலுக்கும் கோயில் கொடியேற்றத்துக்கும் வந்து போவான். மாமன் இறந்த பிறகு கடை அவனுடையதாயிற்று. தேயிலைத் தோட்டத்துத் துரைமாருக்குச் சாமான் கொடுக்கிற கடை அது. தகரத்தில் அடைத்த பட்டர், சீஸ், பிஸ்கற், வெளிநாட்டுக் குடிவகை எல்லாம் அங்கே இருக்கும் என்று லீவில் வரும்போது சொல்லுவான்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அந்தக் கடை எரிந்தது. அவன் அகதிகளை ஏற்றி வந்த கப்பலில் காங்கேசன்துறையில் இறங்கி, யாரோ கொடுத்த சாரத்தோடு ஊருக்கு வந்து சேர்ந்தான். கடையில் வேலை செய்த மூன்று பேரில் இரண்டு பேர் அவனோடு வந்தார்கள். ஒருவர் வரவில்லை. கடையின் சாமான் அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர். எங்கள் ஊர்க்காரர், அவனைவிடப் பத்து வயது மூத்தவர். முதலாளியாக இருந்தும் அவரை அவன் 'அண்ணை' என்றுதான் கூப்பிடுவான்.

அவருடைய மனைவியை எனக்கு நன்றாகத் தெரியும். வெள்ளிக்கிழமை தோறும் கோயிலுக்குப் போய்விட்டு, குங்குமமும் ஈரத் தலையுமாக என் யன்னலுக்கு வருவார்.

"கடிதம் ஏதும் வந்ததோ, தம்பி?"

"இல்லை அக்கா."

"தந்தி?"

"இல்லை அக்கா."

"சரி, அடுத்த கிழமை பாப்பம்."

அக்காவின் கணவர் இறந்ததைக் கண்டவர்கள் ஒருவரும் இல்லை. ஒரு தோட்டத்தில் ஒளிந்திருக்கிறார் என்று ஒரு கதை. ஓர் ஆஸ்பத்திரியில் பேச்சில்லாமல் கிடக்கிறார் என்று யாரோ சொன்னதாக இன்னொரு கதை. அக்கா எல்லாக் கதையையும் நம்பினார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் நண்பன் மாதம் தவறாமல் அரிசியும் தேங்காயும் அந்த வீட்டுக்கு அனுப்பிவந்தான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு முதலாளியா என்று ஊர் அவனை மெச்சியது.

சனிக்கிழமை இரண்டு கிளாஸையும் துவாயில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டும்போது, என் மனைவி எதற்கென்று கேட்டாள். "கேட்டவன், குடுக்கப்போறன்" என்றேன். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை. நாலு மணியிருக்கும். தார் றோட்டில் சைக்கிள் ரயர் ஒட்டிப் பிடிக்கிற வெயில்.

அவன் வளவின் பின்பக்கத்தில், கிணற்றடிக்கு அருகே கல் வைத்து அடுப்பு மூட்டி ஆட்டிறைச்சி பிரட்டிக்கொண்டிருந்தான். திருவிழாக் காலத்தில் வீட்டில் விரதம். "குசினிக்குள்ளை இறைச்சிச் சட்டி ஏத்தினால் மனிசி என்னை வீட்டுக்குள்ளை விடமாட்டா" என்று சிரித்தான். வேப்பமரத்துக்குக் கீழே மேசையும் இரண்டு கதிரையும் போட்டு, மேசையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்திருந்தான். பாணும் வெங்காயச் சம்பலும் மூடி வைத்திருந்தான். கிணற்றடியில் எப்போதும் ஈரமாக இருக்கிற மணலைத் தோண்டி, புதைத்திருந்த நான்கு போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்தான். பச்சைக் கண்ணாடி. ஒட்டிய கடதாசிகள் பூசணம் பிடித்துப் பாதியில் கழன்றிருந்தன.

"ஒயின்" என்றான். "என்ரை கலியாணத்துக்கு முந்தின ஒயின். உன்ரை கலியாணத்துக்கும் முந்தினது."

நான் கள்ளுக் குடித்திருக்கிறேன். கொழும்புக்கு வேலைப் பரீட்சைக்குப் போனபோது ஒரு முறை பியர் குடித்திருக்கிறேன். ஒயின் என்றால் வேதக்காரரின் கோயிலில் சுவாமியார் பூசையில் குடிப்பது என்ற அளவில்தான் எனக்குத் தெரியும்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த காலத்தில், ஒரு கிழட்டு வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது எட்டுப் போத்தல்கள் இருந்த மரப்பெட்டி ஒன்றை இவனிடம் விட்டுப்போனாராம். அதற்கு முந்திய வருடங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் இவனைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு, எது நல்லது எது பழுது என்று குடித்துப் பார்க்கப் பழக்கியவரும் அவர்தானாம். எதை வரவழைத்துத் தரவேண்டும் என்று கடைக்காரனுக்குத் தெரிந்திருந்தால் அவருக்குத்தானே வசதி.

"மலையிலை கடைக்குக் கீழை நிலவறை இருந்தது. நல்ல குளிர். அங்கை இன்னும் இருவது வருசம் கிடக்கும். இஞ்சத்தை வெக்கையிலை இனி ஒரு வருசமும் தாங்காது. அதுதான் உன்னைக் கூப்பிட்டனான். தனியக் குடிக்க ஏலாது."

"கடை எரிஞ்சது. இது எப்பிடித் தப்பினது?" என்று கேட்டேன்.

"முதல் குடி. பேந்து சொல்லுறன்."

முதற் போத்தலின் தக்கை புட்டுப் போல உதிர்ந்து உள்ளே விழுந்தது. அவன் மூக்கைக் கிட்டக் கொண்டுபோகவும் இல்லை. எனக்கே மணத்தது. காடி. கொண்டுபோய் வாழையடியில் ஊற்றிவிட்டு வந்தான்.

இரண்டாவது நன்றாகத் திறந்தது. கிளாஸை வெள்ளை வேட்டிக்கு மேலே சரித்துப் பிடித்து, ஓரத்து நிறத்தைப் பார்க்கச் சொன்னான். இரண்டாம் தரம் ஊற்றிய பிளேன்ரீயின் நிறம். மணம் ஒன்றும் இல்லை.

"செத்துப்போச்சு" என்றான்.

"இதுவும் பழுதோ?"

"இல்லை. முதலாவது பழுதாப் போனது. இது தன்ரை காலம் முடிஞ்சு போனது. இரண்டும் வேறை. ஆனாலும் ஒரு வாய் குடிக்கவேணும். மரியாதைக்கு."

ஒரு வாய் குடித்தோம். பழைய தகரத்தில் நின்ற மழைத்தண்ணீர் போல இருந்தது. விழுங்கிய பிறகு, எப்போதோ அதில் பழம் இருந்தது என்பது மட்டும் நாக்கின் நுனியில் கொஞ்சம் நின்று போய்விட்டது.

மூன்றாவது போத்தலை ஒரு நாள் முன்பே மணலுக்குள் நிமிர்த்தி வைத்திருந்ததாகச் சொன்னான். அடியில் மண்டி நிறைய. மெல்லிய துணியில் வடித்து, மெல்ல மெல்ல ஊற்றினான். செங்கல் நிறம். "உடனை குடியாதை. மணந்து பார். ஐஞ்சு நிமிசம் பொறுத்துத் திரும்பவும் மணந்து பார்" என்றான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, காய்ந்த சருகில் முதல் மழை விழுந்த மணம். அதன் பின்னால் புகையிலை உலர்த்துகிற கொட்டிலுக்குள் போனால் வருகிற மணம். குடித்தபோது நாவற்பழம் தின்றதுபோல நாக்கு கொஞ்சம் இழுத்தது. நான் சொன்னதையெல்லாம் சொல்லச் சொல்லக் கேட்டு அவன் முகம் மலர்ந்தது.

"பார் மச்சான், இது உயிரோடை இருக்கு" என்றான்.

இறைச்சியும் பாணும் தின்றுகொண்டு ஒரு மணித்தியாலம் அந்த ஒயினைக் குடித்தோம். சொன்னால் நம்பமாட்டீர்கள், கிளாஸுக்குள்ளேயே அது மாறிக்கொண்டிருந்தது. இழுப்புக் குறைந்து, ஒரு மென்மை வந்தது. ஒரு வருடமாக ஆரோடும் முகம் கொடுத்துக் கதைக்காதவன், அன்று பள்ளிக்கூடக் கதை, துரையின் நாய்க் கதை எல்லாம் சொன்னான். ஒன்றை மட்டும் கவனித்தேன். கதையின் நடுவில் திடீரென்று நிறுத்தி, கிணற்றடிப் பக்கம் திரும்பிப் பார்ப்பான்.

"ஆரும் வந்திருக்கினமோ?"

"இல்லை, இல்லை. நீ சாப்பிடு."

நான்காவது போட் ஒயின். கறுத்த சிவப்பு. கிளாஸின் உட்புறத்தில் எண்ணெய் போல வழிந்து இறங்கியது. முந்திரிகை வத்தலின் இனிப்பு. அதோடு, பனங்கட்டி காய்ச்சும்போது தாச்சியின் அடியில் இலேசாகப் பிடித்துவிட்டால் வரும் அந்தக் கருகல் வாசம். தொண்டையால் இறங்கி நெஞ்சுக்குள் ஒரு சூடு பரவியது. எனக்கு அது சரியாகப் பிடித்துவிட்டது. "மச்சான், இதை விட்டிட்டு நாங்கள் ஏன் கள்ளைக் குடிச்சுக்கொண்டு திரிஞ்சனாங்கள்? இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றேன்.

எனக்கு ஊற்றினான். தனக்கு ஊற்றவில்லை. அப்போதுதான் பார்த்தேன், அந்தப் போத்தலில் அவன் ஒரு துளியும் எடுக்கவில்லை.

"எப்பிடித் தப்பினது எண்டு கேட்டனீ" என்றான்.

நான் தலையாட்டினேன்.

"பக்கத்துக் கடை முஸ்லிம் முதலாளி தன்ரை காரை அனுப்பினவர். மொறிஸ் மைனர். றைவர் வந்து, பத்து நிமிசத்திலை வெளிக்கிடுங்கோ, சந்தி வரைக்கும் வந்திட்டாங்கள் எண்டான். எட்டு மைல் தள்ளி ஒரு தோட்டத்துப் பங்களாவிலை கொண்டுபோய் விடுறன் எண்டான். நான் முன்னுக்கு. பின்னுக்குப் பெடியள் இரண்டு பேர். டிக்கிக்குள்ளை கடைக் கொப்பியளும் சாமிப் படமும் என்ரை சூட்கேசும். பின்சீற்றிலை இன்னும் ஒராள் இருக்கலாம்."

நிறுத்தினான். கிணற்றடியைப் பார்த்தான்.

"நான் இந்தப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னனான். ஏன் சொன்னனான் எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. எல்லாம் எரியப்போகுது, இதையாவது எண்டு வாயிலை வந்திட்டுது. அண்ணைதான் நிலவறைக்குள்ளை இறங்கித் தூக்கிக்கொண்டு வந்தவர். உடைஞ்சிடும் எண்டு சாக்குச் சுத்தி, தானே பின்சீற்றிலை வைச்சார். றைவர் சொன்னான், ஐயா, பெட்டியை எடுத்தால் இவரும் வரலாம் எண்டு. நான் அண்ணையைப் பாத்தன். அவர் ஒண்டும் கேக்கேல்லை. நான் சொன்னனான், அண்ணை, கார் அரை மணித்தியாலத்திலை திரும்பி வரும், நீங்கள் அதிலை வாங்கோ எண்டு. அவர், ஓம் தம்பி, நான் கடையைப் பூட்டிப்போட்டு நிக்கிறன் எண்டார்."

"பேந்து?"

"கார் திரும்பிப் போகேல்லை. றோட்டை மறிச்சிட்டாங்கள். பங்களா விறாந்தையிலை நிண்டு பாத்தால் கீழை புகை தெரிஞ்சது."

பெட்டியை அந்தப் பங்களாவிலேயே விட்டுவிட்டு வந்ததாகவும், மூன்று மாதம் கழித்து அந்த முஸ்லிம் முதலாளியே, உதவியாக இருக்கட்டும் என்று, அதைத் தேடி எடுத்து வெங்காய லொறி ஒன்றில் அனுப்பி வைத்ததாகவும் சொன்னான். வழியில் நான்கு போத்தல்கள் உடைந்துபோயின.

"நான் கேக்கேல்லை, மச்சான். அது தானாய் வந்தது. அந்த மனிசன் வரேல்லை. பெட்டி வந்திட்டுது." தன் வெறும் கிளாஸைக் கவிழ்த்து வைத்தான். "ஞாயிற்றுக்கிழமையளிலை அண்ணை கீழை இறங்கி ஒவ்வொரு போத்தலாய்த் துடைப்பார். கண்ணாடியிலை துணி கிறீச்சிடுற சத்தம் மேலை கேக்கும். இப்பவும் கேக்குது. உந்தக் கிணத்தடியிலையிருந்து."

என் கிளாஸில் பாதி இருந்தது. அதைக் கீழே வைத்திருக்கலாம். எழுந்து போய் வாழையடியில் ஊற்றியிருக்கலாம். கையை என்ன செய்வதென்று தெரியாமல் நான் அதை எடுத்துக் குடித்தேன். கதையைக் கேட்ட பிறகும் அது அதே இனிப்போடுதான் இருந்தது. கசந்திருந்தால் எனக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

"நீ சொல்லு. அவவுக்குச் சொல்லட்டோ?" என்று கேட்டான்.

நான் யோசித்ததாக நினைவில்லை. ஒயின் தலைக்குள் இருந்தது. "சொல்லி என்ன வரப்போகுது? அந்த மனிசி எங்கையோ இருக்கிறார் எண்டு நினைச்சுக்கொண்டு சீவிக்குது. அதையும் பறிக்கப்போறியோ? விடு" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். உடனே, "சரி" என்றான். எவ்வளவு கெதியாகச் சரி என்றான் என்பது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

பொழுதுபட முன்னர் வீட்டுக்குப் போகவேண்டும். இருட்டினால் றோட்டில் யார் நிற்பார்கள் என்று சொல்ல முடியாத காலம். கிளாஸ் இரண்டையும் கழுவாமலே துவாயில் சுற்றிக்கொண்டு வந்தேன். மறுநாள் காலை, குசினிக்குள் என் மனைவி அவற்றைக் கழுவித் துடைத்தபோது அந்தக் கிறீச் சத்தம் கேட்டது. நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா வந்தார்.

"கடிதம் ஏதும் வந்ததோ, தம்பி?"

"இல்லை அக்கா" என்று சொன்னபோது, அந்தக் கருகல் இனிப்பு என் வாயில் ஊறியது. நான் எச்சிலை விழுங்கினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் அப்படித்தான். அவர் படலையைத் திறக்கும்போதே வாய்க்குள் வந்துவிடும். சில வெள்ளிகளில் உள் அறைக்குப் போய் ஒளிந்து நின்று, தபாற்காரரைக் கொண்டு பதில் சொல்லுவித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர், "தம்பிக்குச் சுகமில்லையோ?" என்று விசாரிப்பது கேட்கும்.

நானும் என் நண்பனும் அதற்குப் பிறகு ஒன்றாக இருந்து சாப்பிடவில்லை. கண்டால் கதைப்போம், அவ்வளவுதான். எண்பத்தாறில் அவன் குடும்பத்தோடு வெளிநாடு போனான். போவதற்கு முதல்நாள் யன்னலுக்கு வந்து நின்றான்.

"நீ அவவுக்குச் சொல்லேல்லைத்தானே?"

"இல்லை."

"நல்லது" என்றான். ஆனால் நான் சொல்லியிருப்பேன் என்று அவன் நம்பிக்கொண்டு வந்திருந்தான் என்பதை முகத்தில் கண்டேன். புது விலாசத்தை எழுதித் தந்துவிட்டுப் போனான். அரிசிக்கும் தேங்காய்க்கும் ஊரில் ஒரு சொந்தக்காரரிடம் ஒழுங்கு செய்திருந்தான். அது தீவு காலியாகும்வரை நடந்தது.

தொண்ணூற்றொன்றில் இராணுவம் தீவுக்குள் இறங்கியபோது, ஒரு கிழமைக்குள் தீவே வெளியேறியது. நாங்கள் வள்ளத்தில் கடல் கடந்து அராலித்துறையில் இறங்கி, ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். ஒரு வகுப்பறைக்கு ஐந்து குடும்பம். கரும்பலகையில் எப்போதோ எழுதிய கணக்கு அழியாமல் இருந்தது. என் மனைவி பிள்ளைகள் மூன்று பேரும் ஒரு பாயில். மூன்றாம் நாள் பின்னேரம் அக்கா எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். அவர் வேறொரு வகுப்பறையில் தனியாக இருந்தார். ஒரு பையைத் தவிர அவரிடம் ஒன்றும் இல்லை. நெற்றியில் குங்குமம் இருந்தது.

"தம்பி, ஒரு விசயம் கேக்கவேணும். இனி அவர் கடிதம் போட்டால் அது எந்த விலாசத்துக்கு வரும்? ஊரிலை ஆருமில்லை. கந்தோரும் பூட்டியாச்சு. தேடி வந்தாலும் எங்கை எண்டு தேடுவார்? நீர்தான் எங்கையும் எழுதிக் குடுக்கவேணும்."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எந்தக் கந்தோருக்கு எழுதவேண்டும், எந்தப் படிவம் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் திறந்தேன். ஆனால், "அக்கா, கொஞ்சம் வெளியிலை வாங்கோ" என்றேன்.

பள்ளிக்கூடத்து விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். காரை, பெட்டியை, சாக்குச் சுற்றி அவர் தானே தூக்கி வைத்ததை, கடையைப் பூட்டிப்போட்டு நிற்கிறேன் என்றதை, புகையை. அக்கா அழவில்லை. சேலைத் தலைப்பைக் கையில் சுற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"பெட்டிக்குள்ளை என்ன?"

"ஒயின், அக்கா."

"அதை ஆர் குடிச்சது?"

"நானும் அவனும்."

"எப்பிடி இருந்தது?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். அவர் முகத்துக்கு முன்னால் அது வரவில்லை.

"நல்லாயிருந்தது, அக்கா."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். "அவர் எழுதினவர். முதலாளியின்ரை போத்தலுகளை ஞாயிற்றுக்கிழமையளிலை நான்தான் துடைச்சு வைக்கிறனான், ஒண்டு உடைஞ்சாலும் என்ரை சம்பளம் காணாது எண்டு எழுதினவர்." பிறகு என்னைப் பார்த்தார். "எப்ப உமக்குத் தெரியும்?"

"எண்பத்து நாலிலை."

"உம்மடை சிநேகிதன் பயத்திலை செய்தார். சாவு சந்தியிலை நிக்கேக்கை மனிசன் என்னத்தையும் செய்வான். நீர் என்ன பயத்திலை செய்தனீர்? ஏழு வருசம், தம்பி. யன்னலுக்குள்ளை இருந்துகொண்டு, இல்லை அக்கா, இல்லை அக்கா எண்டு சொன்னனீர். நான் அடுத்த கிழமை பாப்பம் எண்டு போவன். நீர் பாத்துக்கொண்டு இருந்தனீர்."

சாப்பாட்டுக்கு மணி அடித்தார்கள். அவர் திரும்பி நடந்து போய் வரிசையில் நின்றார்.

நாலைந்து நாட்கள் என் பக்கம் திரும்பவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் வந்து நின்றபடியே, "சிநேகிதன்ரை விலாசம் உம்மட்டை இருக்கோ?" என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். "நான் எழுதித் தரட்டோ அக்கா?" என்றேன். "எனக்கு எழுதத் தெரியும்" என்றார். ஆனால் அங்கேயே, என் மனைவிக்குப் பக்கத்தில் பாயில் இருந்து எழுதினார். மடிப்பதற்கு முன் என்னிடம் நீட்டி, விலாசம் சரியா என்று பார்க்கச் சொன்னார். அப்போது கண்ணில் பட்டது. திட்டு ஒன்றும் இல்லை. அன்றைக்குக் கணவர் என்ன சேட்டுப் போட்டிருந்தார், காலையில் சாப்பிட்டாரா, கார் வெளிக்கிடும்போது எந்த இடத்தில் நின்றார், கையைக் காட்டினாரா, முகம் எப்படி இருந்தது. ஒன்றும் விடாமல் எழுதவும் என்று கேட்டிருந்தார்.

அந்தக் காலத்தில் கடிதம் ஒன்று கொழும்பு போய்ச் சேரவே மாதங்கள் ஆகும். மறுமொழி வர ஏழு மாதம் சென்றது. தடித்த உறை. என் கையால்தான் அவரிடம் கொடுத்தேன். எத்தனை ஆண்டுகளாக ஒவ்வொரு வெள்ளியும் அவர் கேட்ட கடிதத்தை அன்றைக்குத்தான் கொடுத்தேன். அவர் அதை மைதானத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். வெயில் ஏறும்வரை அங்கே இருந்து வாசித்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. என் நண்பன் எனக்கென்று அந்த உறைக்குள் ஒரு வரியும் வைக்கவில்லை.

அடுத்த வாரம் அவர் கடற்கரையில் கணவருக்கு அந்தியேட்டிக் கிரியை செய்வித்தார் என்று மற்றவர்கள் சொன்னார்கள். பக்கத்து வகுப்பறைப் பெண்கள் கூடப் போனார்கள். என் மனைவியையும் கூப்பிட்டிருந்தார். எனக்குச் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது நெற்றி வெறுமையாக, திருநீறு மட்டும் இருந்தது. பதினைந்து வயது கூடியவர்போலத் தெரிந்தார். அதற்குப் பிறகு என்னோடு தேவையான கதை மட்டும்தான். கூப்பன் கடையில், கிணற்றடியில் கண்டால் "ஓம்", "இல்லை". நான் வாடகைக்கு ஒரு வீடு பார்த்துக்கொண்டு போன பிறகு அதுவும் குறைந்தது. சொல்லிவிட்ட பிறகு என் வாய்க்குள் அந்த இனிப்பு வருவது நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். நிற்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில்தான் என்றில்லாமல், எந்த நாளும் எந்த நேரத்திலும் வரத் தொடங்கியது.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், இராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாணமே எழும்பி நடந்தது. மழை. விடிந்து வெகுநேரமாகியும் நாங்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடக்கவில்லை. கால் வைக்க இடமில்லாத சனம், ஆடு மாடு, சைக்கிள், முதுகில் முதியவர்கள். ஒரு அடி எடுத்து வைத்தால் பத்து நிமிடம் நிற்கவேண்டும். அந்த நெரிசலுக்குள் நாலைந்து பேருக்கு முன்னால் அவரைக் கண்டேன். தலையில் ஒரு பிளாஸ்ரிக் பையைக் கவிழ்த்திருந்தார். கூப்பிடலாமா என்று தயங்கினேன். பிறகு, "அக்கா" என்று கூப்பிட்டேன்.

அவர் திரும்பினார். என் தோளில் கடைசி மகள் நித்திரை. அவளைப் பார்த்தார், பிறகு என் பின்னால் நின்ற மனைவியைப் பார்த்தார்.

"பிள்ளையள் எல்லாரும் இருக்கினமோ?"

"ஓம் அக்கா."

"கையை விடாமல் பிடிச்சுக்கொண்டு போங்கோ. முன்னுக்குப் பாலத்திலை தள்ளுப்படுகினம்" என்றார்.

சனம் ஒரு தரம் அலைபோல அசைந்தது. அவர் அதனோடு முன்னே போய்விட்டார். பாலத்துக்கு அங்கால் நின்று தேடிப்பார்த்தேன். கிளிநொச்சியிலும் அகதி முகாம் பதிவுகளில் விசாரித்தேன். அவரை நான் பிறகு காணவில்லை.